ஐந்தை இரண்டாக்கப் போன பயணம்

டென்மார்க்கில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓகூஸ் நகரில் ஒரு கூட்டத்தை நடத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு தவறான ரயிலும், ஒரு புயலும், என்னோடு கோபித்துக்கொள்ளும் ஒரு தோழியும் காத்திருந்தது எனக்குத் தெரியாது.

அந்த நாட்டுத் தமிழ் மாணவர்களுக்கு ஓர் ஒன்றியம் இருக்கிறது. நாட்டை ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர் என்று தொடங்கிய காலத்திலேயே யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். ஒன்றியத்தின் இப்போதைய தலைவி ஆரணி அந்த ஐந்தை இரண்டாக்க ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தாள். கிழக்கே கொப்பன்ஹேகன், மேற்கே ஓகூஸ். மற்ற மூன்றும் இவற்றுக்குள் கரைந்துவிடும்.

டென்மார்க்கில் எந்தச் சங்கம் பொதுக்கூட்டம் வைத்தாலும் அதை நடத்த ஒரு நடுவரைத் தெரிவு செய்வார்கள். டிரிகென்ட் என்று பெயர். வெளியாளாக இருந்தால் நல்லது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் சந்திப்பில் பழக்கமான ஆரணி என்னைக் கேட்டாள். நான் நோர்வேயில், பேர்கன் நகரில் வளர்ந்தவள். படிக்கிற காலத்தில் அங்குள்ள மாணவர் அமைப்புக்குத் தலைவியாக இருந்தேன். இப்போது நகரசபையின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

"நீங்கள்தான் அக்கா சரி. உங்களுக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாது" என்றாள் ஆரணி. அவளை எனக்குத் தெரியும் என்பதை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு முன் இரண்டு பக்கத்து ஆட்களையும் நான் பார்த்துவிட வேண்டும் என்று அவளே ஏற்பாடு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் கொப்பன்ஹேகனில் இறங்கினேன். ஏழு மலைகளுக்கு நடுவே வளர்ந்த கண்ணுக்கு அந்த நாட்டில் பார்வையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரிவதில்லை. தரை போய்க்கொண்டே இருக்கிறது. நிலையத்தில் கோப்பி கேட்டேன், நோர்வே மொழியில். கடைப் பெண் எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எழுத்தில் டேனிஷ் எனக்கு நன்றாகவே விளங்கும். அவர்கள் வாயைத் திறந்து பேசினால் போச்சு. வாய்க்குள் சுடு கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி என்மேலேயே திரும்பும் என்று அப்போது நினைக்கவில்லை.

அன்றைக்குத் தங்கியது நகரின் ஓரத்தில் உள்ள புரொண்பியில், டிலக்சன் வீட்டில். பொறியியல் படிக்கிறான். கொப்பன்ஹேகன் பிராந்தியத்தின் தலைவன். உயரமான தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் வீடு. அவனுடைய அம்மா புட்டும் மீன் குழம்பும் வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைக் கண்காணித்தார். டிலக்சன் புட்டைத் தொடவில்லை. கறுத்த ரை தானிய ரொட்டியில் சீனிச்சம்பல் தடவி, நின்றபடியே தின்றான்.

"யூலாந்தில என்ன அக்கா இருக்கு? பண்டியும் காத்தும்தான்" என்றான். யூலாந்து என்பது நாட்டின் மேற்குப் பகுதி. ஓகூசும், நான் மறுநாள் போகவேண்டிய ஹேர்னிங்கும் அங்கேதான் இருக்கின்றன.

"உன்ர மாமா அங்கதான் இருக்கிறார். வாயைக் கழுவு" என்றார் அம்மா.

அவன் அம்மாவுக்கு டேனிஷில் ஏதோ பதில் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். "எங்கட பிராந்தியத்தில ஒரு மண்டபம் நிறையும். ஹேர்னிங் ஆக்களைக் கூப்பிட்டா ரெண்டு கார் காணும். ஆனா நிர்வாகத்தில அவைக்கும் எங்களுக்கும் ஒரே அளவு இடம். இது நியாயமோ, நீங்களே சொல்லுங்கோ."

நான் சொல்லக்கூடாது என்றேன். நடுவர் அல்லவா? ஆனால் மனதுக்குள் தலையாட்டினேன். எங்கள் நாட்டிலும் பெயருக்கு மட்டும் இருக்கும் கிளைகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் கதிரைகளைக் காவுவதற்கு எதற்கு இத்தனை பதவிகள் என்றுதான் எனக்கும் பட்டது.

ஞாயிறு காலை தானும் இன்னும் நாலு பேரும் காரில் ஓகூஸ் வருவதாக டிலக்சன் சொன்னான். "மத்தியானச் சாப்பாடு எங்கட பொறுப்பு. அம்மா பிரியாணி போடுறா."

சனிக்கிழமை ரயில் ஏறினேன். வைலே என்ற ஊரில் இறங்கி ஹேர்னிங் ரயிலுக்கு மாறவேண்டும். வழியில் ஒலிபெருக்கியில் நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும், இன்ன இலக்கப் பெட்டிகளில் இருப்பவர்கள் இன்ன ஊருக்குப் போவார்கள் என்பது வரைக்கும் விளங்கியது. இலக்கம்தான் விளங்கவில்லை. டேனிஷில் ஐம்பதும் எழுபதும் 'அரை' என்று தொடங்கி, விழுங்கிய ஓர் ஒலியில் முடியும். என்னுடைய பெட்டி எழுபதுகளில் இருந்தது. எழுபதுகள் வேறு ஊருக்குப் போகும் என்றதை நான் ஐம்பதுகள் என்று கேட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

ரயில் பிரிந்து கொஞ்ச நேரம் கழித்து, எதிரே மடியில் நாய்க்குட்டியோடு இருந்த பெண்மணி, எங்கே போகிறாய் என்று கேட்டார். வைலே என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது மற்றப் பாதி. நாங்கள் எஸ்பியர் போகிறோம். கடற்கரை ஊர். மீன் நன்றாகக் கிடைக்கும்" என்றார், எனக்கு ஆறுதலாக.

கொல்டிங் என்ற நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினேன். காற்று அப்போதே தொடங்கிவிட்டது. அடுத்த ரயிலில் ஏதோ கோளாறு. ஆரணிக்கு அழைத்தேன்.

"தர்சிகா வருவாள், அக்கா. காரோட்டுறதெண்டா அவளுக்குச் சந்தோசம். அங்கயே நில்லுங்கோ."

தர்சிகாதான் ஹேர்னிங் பிராந்தியத்தின் தலைவி. ஆரணியின் திட்டத்தை எதிர்த்து நிற்பவள். அவளைத் தொந்தரவு செய்துதான் ஊர்போய்ச் சேரவேண்டும் என்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்த பிறகு பழைய சாம்பல் நிற வோல்வோ ஒன்று வந்து நின்றது. சின்னப் பெண். வேலைக் காற்சட்டை, அதன் பையில் திருகாணிச் சாவிகள். மின்னியல் வேலை பழகுகிறாள். பாதி நாள் பள்ளி, பாதி நாள் கட்டடத் தளம்.

"ஐம்பதையும் எழுபதையும் மாத்திட்டீங்களாம். நோர்வேக்காரர் எல்லாருக்கும் நடக்கும்" என்று சொல்லி என் பெட்டியைத் தூக்கிப் பின்னால் எறிந்தாள்.

வழி நெடுக அறுவடை முடிந்த வயல், காற்றாடி, மறுபடியும் வயல். என்னால் ஒரு நிலையில் இருக்க முடியவில்லை. எதிர்த்தரப்பின் காரில் இருக்கிறேன், அவளோ என்னை ஒன்றும் கேட்காமல் ஓட்டுகிறாள். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஓகூஸ் கிட்டத்தானே? சேர்ந்தால் என்ன?"

"கிட்டத்தான்" என்றாள். "வழமையான கூட்டமெல்லாம் புதன்கிழமை பின்னேரம் வைப்பாங்க. நாங்க அடுத்த நாள் காலம ஆறு மணிக்குத் தளத்தில நிக்கணும். ரெண்டு தரம் வரமாட்டம். மூணாந்தரம் எங்களக் கூப்பிட மாட்டாங்க. எங்கட ஆக்கள்ல பாதிப்பேர் என்னை மாதிரி வேலை பழகிறவங்க. ஒராள் தச்சன், ரெண்டு பேர் வயசானவங்களப் பராமரிக்கப் படிக்கிறாங்க. பல்கலைக்கழகக்காரர் எங்களப் பாத்து, நீங்களும் ஸ்டூடண்டா எண்டு கேட்டிருக்காங்க அக்கா."

 பிறகு டேனிஷுக்கு மாறினாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெதுவாகப் பேசியதால் இந்த முறை எல்லாம் விளங்கியது. "போன வருடம் கொப்பன்ஹேகனில் பொதுக்கூட்டம். பனியில் எங்கள் ரயில் நின்றுவிட்டது. வந்துகொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்று அழைத்துச் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வழமையான கூட்டங்களைப் புதன்கிழமைக்கு மாற்றியது அன்றைக்குத்தான்."

ஹேர்னிங்கில் தர்சிகாவின் அம்மா வாசலில் நின்றார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர். முதியோர் இல்லமொன்றில் வேலை. "வாங்க மகள், காத்து அள்ளிட்டுப் போகப் போகுது, உள்ளுக்கு வாங்க" என்றார். மாங்காய் போட்ட மீன் குழம்பும் சோறும். புரொண்பியில் அம்மா வைத்த குழம்பில் உறைப்பு முன்னால் வந்தது. இங்கே புளிப்பு முன்னால் வந்தது. சொன்னால் சண்டை வரும் என்பதால் இரண்டும் நன்றாக இருந்தன என்று மட்டும் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடிவதற்குள் நிலவறையில் ஹேர்னிங் பிராந்தியத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். ஒரு பக்கம் மறுநாள் கூட்டத்தைப் பற்றி வாக்குவாதம். மறுபக்கம் ஒருத்தி இன்னொருத்திக்கு மருந்து அளவைக் கணக்கிடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பரீட்சையாம். நான் படியில் இறங்கியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மூலையில் இருந்த ஒருத்தி டேனிஷில், எனக்கு விளங்காது என்று நினைத்து, "இந்த அக்கா ஏற்கெனவே ஆரணியின் ஆள்" என்றாள்.

அது பொய் என்று சொல்ல முடியாததால் நான் மேலே போய்விட்டேன். மாலை முழுவதும் அந்த வீட்டின் வரவேற்பறையில் ஜன்னலுக்கும் கதிரைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை காற்று ஊளையிட்டது. தோட்டத்தில் இருந்த பிளாஸ்டிக் மேசை பக்கத்து வீட்டு வேலியில் தொங்கியது. மட்டன் ரோல்ஸ் நிரம்பிய தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கார்களில் நெருக்கி உட்கார்ந்து ஓகூஸ் போனோம். பாதையில் மரக்கிளைகள். தர்சிகா இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்திருந்தாள். கார் அப்படியும் ஆடியது.

கூட்டம் நகரத்தின் சனசமூக நிலையம் ஒன்றில், வாடகைக்கு எடுத்த அறையில். ஆரணி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். ஏறி ஓட்ட முடியவில்லையாம். மருத்துவம் படிக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு உடனேயே கைத்தொலைபேசியைப் பார்த்தாள். முகம் மாறியது.

"பாலத்தை மூடிட்டாங்கள்."

நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைப்பது கடலுக்கு மேலே போகும் ஒரு நீண்ட பாலம். காற்று பலமாக வீசினால் அதை மூடிவிடுவார்கள். டிலக்சனும் மற்றவர்களும் அந்தப் பக்கம் கார் வரிசையில் நின்றார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆரணி என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள். "அக்கா, தள்ளிவைப்பம். அடுத்த மாதம் வைப்பம். விதியை மாத்த மூண்டில் ரெண்டு வாக்கு வேணும். அவை இல்லாமல் அது வராது."

"கூட்டம் நடத்தத் தேவையான ஆக்கள் வந்திருக்கினமோ?"

"வந்திருக்கினம். அதில்லை பிரச்சினை." கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் திணித்தாள். "பியூன் தீவுக்குத் தலைவர் எண்டு ஒராள் பெயருக்கு இருக்கிறார். அறிக்கை எழுதுறது நான். வட யூலாந்துக்கும் நான். ரெண்டு சோதினையைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டன். ஐஞ்சு பிராந்தியம் இல்லை அக்கா, நான் ஒருத்தி ஐஞ்சா நிக்கிறன்."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் திட்டம் சரி என்றே அந்த நிமிடமும் நினைத்தேன். தள்ளிவைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரிகென்ட் சொன்னால் யாரும் பெரிதாக எதிர்க்க மாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஹேர்னிங் பிள்ளைகள் ரோல்ஸ் தட்டுகளை மேசையில் பரப்புவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. போன வருடம் பனிக்கு நிற்காத கூட்டம், இந்த வருடம் காற்றுக்கு எப்படி நிற்கும்?

உள்ளே போய், மேசையில் தட்டி, கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டிருக்கிறது, தொடங்குகிறது என்றேன்.

டிலக்சனைத் தொலைபேசியில் கேட்க விட்டோம். நேரில் வராதவர்களுக்கு வாக்கு இல்லை என்று ஒன்றியத்தின் விதி சொல்கிறது. பேச்சுக்குத் தடையில்லை. அவன் பேசினான். பாதியைக் காற்று பேசியது. "அக்கா, இது அநியாயம்!" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பின்னால் யாரோ, "பசிக்குது, பிரியாணியைத் திறக்கிறம்" என்றார்கள்.

ஆரணி எழுந்து தன் திட்டத்தை அழகாகச் சொன்னாள். ஒருவரையும் குறை சொல்லவில்லை. தர்சிகா எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் நிறுத்தி, "எங்களக் கிட்ட எடுக்கிறம் எண்டு சொல்லுறீங்க. எங்களுக்குத் தூரமாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கை தூக்கினார்கள். எண்ணினேன். மூன்றில் இரண்டு வரவில்லை. திட்டம் விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஆரணி எழுந்து, அடுத்த தவணைக்குத் தான் தலைவியாக நிற்கப் போவதில்லை என்றாள். "கோபத்தில சொல்லேல்லை. நான் படிக்க வேணும்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்தது தலைவர் தெரிவு. யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டேன். வெளியே ஏதோ தகரம் அடித்துக்கொண்டது. மறுபடியும் கேட்டேன். ஒருவர் சப்பாத்தைப் பார்த்தார், ஒருவர் ரோல்ஸை எடுத்தார். யாரும் வராவிட்டால் ஒன்றியத்தையே கலைப்பது பற்றித்தான் அடுத்த கூட்டத்தில் பேசவேண்டி வரும் என்று விதியை வாசித்தேன். அப்போது ஒவ்வொருவராகத் தர்சிகாவின் பக்கம் திரும்பினார்கள்.

"என்னை ஏன் பாக்கிறீங்க?"

"நீதானே வெண்டனீ" என்றான் ஓகூஸ் பையன் ஒருவன்.

"நான் ஹேர்னிங்கைத்தான் கேட்டன். முழு நாட்டையும் கேக்கல்ல!"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேசையின் விளிம்பைச் சுரண்டினாள். பிறகு ஆரணியிடம் டேனிஷில் கேட்டாள்: "திங்கட்கிழமை காலையில் தலைவி முதலில் என்ன செய்யவேண்டும்?"

ஆரணி தமிழில் பதில் சொன்னாள். "போனை நிப்பாட்டிப்போட்டு வேலைக்குப் போ. மத்தியானம் திறந்து பார். பிரச்சினை எல்லாம் அங்கயே இருக்கும். ஒண்டும் ஓடாது."

தர்சிகா கையை உயர்த்தினாள். முழங்கை மேசையை விட்டு எழும்பவில்லை. உயர்த்தியதாகவே எடுத்துக்கொண்டேன்.

என் விமானத்தைக் காற்று நிறுத்திவிட்டது. அன்றைக்கு ஆரணியின் ஒற்றை அறையில் தங்கவேண்டி வந்தது. அவள் எனக்குக் கட்டிலைத் தந்துவிட்டு, புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்தாள். தேவையான அளவுக்கு மட்டும் பேசினாள். காலையில் பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். காற்று அடங்கியிருந்தது. "நீங்கள் செய்தது சரிதான் அக்கா. ஆனா எனக்குக் கொஞ்ச நாள் கோபமா இருக்கும்" என்றாள். அவ்வளவு நேர்மையாக என்னிடம் கோபப்பட்டவர்கள் குறைவு. பேருந்து புறப்படும்போது கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள், பாதி மனதோடு.

பேர்கனுக்கு வந்து, வேலை, மழை, மறுபடியும் மழை என்று ஆறேழு மாதம் போனது. ஒருநாள் மதிய இடைவேளையில் தர்சிகா அழைத்தாள். பின்னணியில் துளைபோடும் இயந்திரத்தின் சத்தம்.

"அக்கா, அஞ்சும் கூடத்தான். ரெண்டு காணாது. மூணாக்கப் போறன்."

"ஹேர்னிங்?"

இயந்திரம் நின்றது. "ஓகூசோட சேருது" என்றாள். "கூட்டம் மாறி மாறி ரெண்டு ஊரிலயும், சனிக்கிழமை பகல்ல. வேலை பழகிறவங்களும் மாணவர்தான் எண்டு முதல் வரியிலயே எழுதிட்டன். அம்மா ரெண்டு நாளா என்னோட கதைக்கல்ல. எங்கட பிராந்தியத்த நீயே குடுத்திட்டாய் எண்டு சொல்லுறா. எல்லாத்தையும் ஒராள் தூக்கிறது எப்பிடியெண்டு அம்மாக்கு நான் எப்பிடி விளங்கப்படுத்த?"

 ஆரணி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"ஆரணி அக்காதான் எதிர்த்துக் கதைக்கப் போறா. செய்யிறதெண்டா ரெண்டாக்கு, இல்லாட்டி அப்பிடியே விடு எண்டு நிக்கிறா. சோதினை எல்லாம் பாஸாம். இப்ப அவாக்கு நல்லா நேரம் இருக்கு." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க டிரிகென்டா வரணும். அவாவும் உங்களத்தான் கேக்கச் சொன்னவா."

"கோபம் போயிட்டுதாமோ?"

"அதைப் பற்றி ஒண்டும் சொல்லல்ல. அக்காக்கு ஒரு பக்கமும் சாயத் தெரியாது, அவாவையே கூப்பிடு எண்டு மட்டும் சொன்னா."

வருகிறேன் என்றேன்.